கல்லறையுள் புகுந்த கதிரொளி

அயர்லாந்து நாட்டின் தொன்மையை அறிய விழைவோர் முதலில் நாட வேண்டியவை அந்நாட்டுக் கோட்டைகளோ தேவாலயங்களோ அல்ல; மீத் மாவட்டத்தில், பாய்ன் ஆறு வளைந்தோடும் வெளியில் எழுந்து நிற்கும் புல்மேடுகளே. நவுத், டவுத், நியூகிரேஞ்ச் என்னும் மூன்று பெருங்கல்லறை மேடுகள் அங்குள்ளன. இவற்றுள் நியூகிரேஞ்ச் ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுப்பப்பட்டது. கீசாவின் பெரும் பிரமிடினும் மூத்த இதனை எழுப்பியோர் உலோகக் கருவி எதனையும் அறியாத புதிய கற்கால உழவர்கள்.

மேட்டின் விட்டம் ஏறத்தாழ 85 மீட்டர். அதன் அடியை 97 பெருங்கற்கள் வளைத்து நிற்கின்றன. 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய நடைவழி நடுவிலுள்ள அறைக்கு இட்டுச் செல்கிறது. சுண்ணச்சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேல் கல்லாக உள்நோக்கி நீட்டி அடுக்கப்பட்ட அவ்வறையின் கூரை, ஐயாயிரம் ஆண்டுகள் கடந்தும் சரியவில்லை. மழைநீரை உள்ளே விடவுமில்லை.

1699ஆம் ஆண்டு, சாலை அமைக்கக் கல் எடுத்த கூலியாட்களின் கண்ணில் இதன் வாயில் பட்டது. பழஞ்சின்னம் சாலைக்கல்லாகிவிடாமல் தப்பியது நற்பேறே.

1962இல் பேராசிரியர் மைக்கேல் ஓகெல்லி அகழாய்வைத் தொடங்கினார். எழுகதிரின் ஒளி ஏதோ ஒரு காலத்தில் உள்ளறையின் முச்சுழிக் கோலத்தைத் தீண்டும் என்பது அவ்வட்டார மக்களின் வழிவழிச் செய்தி. கற்றோர் பலர் அதனைக் கதையென்றே கருதினர். வாயிலின்மேல் கல்லால் அமைந்த சிறு திறப்பொன்றைக் கண்ட ஓகெல்லியோ, அச்செய்தியைப் புறந்தள்ளாமல் ஆராய முற்பட்டார். 1967 டிசம்பர் 21 அன்று, ஆண்டின் மிகக் குறுகிய பகலின் விடியலில், அவர் அறையினுள் காத்திருந்தார். கதிரொளி அத்திறப்பின் வழியே நுழைந்து, நடைவழி முழுதும் கடந்து, உள்ளறையைத் தொட்டது. 17 நிமிடங்களில் மீண்டும் இருள் சூழ்ந்தது. மாரியின் நடுவே கதிரவன் மீளும் நாளை, இறந்தோர் உறையும் இடத்தோடு அம்மக்கள் இணைத்திருந்தனர்.

எனினும் ஓகெல்லியின் பணி முழுவதும் ஒப்புதல் பெற்றதன்று. வாயிலின் முன் சிதறிக் கிடந்த வெண்படிகக் கற்களை, சரிந்து வீழ்ந்த சுவரின் எச்சமெனக் கொண்டு, உயர்ந்த முகப்பொன்றை அவர் அமைப்பித்தார். அக்கற்கள் தொடக்கத்திலேயே தரையில் பரப்பப்பட்டவை எனப் பிற அறிஞர் சிலர் மறுத்தனர். இன்று அங்குச் செல்வோர் முதலில் காண்பது அந்த வெண்சுவரையே. ஆகவே, முன்னோர் கட்டியது எது, இருபதாம் நூற்றாண்டு உய்த்துணர்ந்து எழுப்பியது எது எனப் பகுத்தறிந்தே அதனை நோக்குதல் வேண்டும்.

இவ்விடம் 1993இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. 2018ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், அருகிலிருந்த வயலின் பயிரில் அதுவரை அறியப்படாத பெருவட்ட அமைப்பொன்றின் தடம் வெளிப்பட்டது. ஆற்றங்கரை நிலம் தன் செய்தி அனைத்தையும் இன்னும் உரைத்து முடிக்கவில்லை.