ஜீவானந்தம், ப. (1907–1963): மாற்றுக் கருத்தாருடன் உரையாடல்

பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, பத்திரிகையையும் மேடையையும் எதிரணியினரோடு சம்பாஷிக்கும் சாதனங்களாகவும் கையாண்டவர். இராட்டையும் பாடமுமாக நடந்த சிராவயல் ஆசிரமத்திலிருந்து, வருணாசிரமம் பற்றிய காந்தியடிகளின் கொள்கையை ஆட்சேபித்து இவர் கடிதம் எழுத, 1927-இல் அடிகள் அவ்விளைஞரைத் தாமே தேடிவந்து சந்தித்தார். கம்பராமாயணத்தைத் திராவிட இயக்கத்தார் வன்மையாகக் கண்டித்துவந்த காலத்தில், நாத்திகரான இவர், காங்கிரஸ்காரரான சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடையேறி, பக்தர்களும் ரசிகர்களும் நிறைந்த சபையில் கம்பனின் மானுட நோக்கை விளக்கினார். இதனைச் சமரசம் என்பதினும், நயம் குன்றாத வாதம் என்பதே பொருந்தும். 1959-இல் இவர் தொடங்கிய ‘தாமரை’ இலக்கிய ஏட்டின் 1963-ஆம் ஆண்டு நினைவு மலரில், பொதுவுடைமைக் கட்சியினின்று முன்னரே விலகியிருந்த நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் அஞ்சலிக் கட்டுரை இடம்பெற்றது.