இந்திய மருத்துவத்தில் மார்ஃபின்

மார்ஃபின், கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறி வடிக்கும் அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வலி மருந்து. புற்றுநோயின் கடும் வலிக்கு உலகெங்கும் முதன்மையாகக் கொடுக்கப்படுவது இதுவே. மருந்துத் தேவைக்காக அரசின் மேற்பார்வையில் அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற உழவர்கள் விளைவிக்கும் அபின், காசிப்பூர், நீமச் அரசு ஆலைகளுக்குப் போகிறது. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கும் ஏற்றுமதியாகிறது. ஆனால் இந்நாட்டுப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் ஒரு மார்ஃபின் மாத்திரைகூட எட்டவில்லை.

அபினிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருந்தாளுநர் ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், வலி தாங்காமல் நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல், மணி பார்த்து வாய்வழியாக இதைக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். சிறு அளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை அளவை மெல்லக் கூட்டுவார்கள். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அவ்வளவுதான். 1986இல் உலக சுகாதார நிறுவனம் பாராசிட்டமால் போன்றவை, கோடீன் போன்றவை, மார்ஃபின் என்று மூன்று படிகளாக வகுத்துப் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது, மேல்படியில் இந்த மலிவான மருந்துதான் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தியா எதிர்த்திசையில் நடந்திருந்தது. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கடத்தலை ஒடுக்க வந்தது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை என்றது. மருத்துவப் பயன்பாட்டை அது தடை செய்யவில்லை. ஆனால் விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. வைத்திருக்க ஒன்று, கொண்டுவர ஒன்று, அடுத்த மாநிலத்திலிருந்து வாங்க ஒன்று என ஒரு மருத்துவமனை நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. கலால் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் வெவ்வேறு காலத்துக்கு அவற்றை வழங்கின. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதியாகிவிடும். பதிவேட்டில் ஒரு பிழை நேர்ந்தால் சிறையோ என்ற அச்சத்தில் மருந்துக் கடைகள் மார்ஃபினைக் கைகழுவின. 1997இல் நாட்டின் ஓராண்டு மார்ஃபின் பயன்பாடு 18 கிலோவாகச் சுருங்கியது. சட்டம் வருமுன் இருந்ததில் இது சுமார் 3 விழுக்காடு. மார்ஃபினை எழுதிப் பழகாத ஒரு தலைமுறை மருத்துவர்களும் உருவாகிவிட்டார்கள். சட்டத்தைத் திருத்துவதைவிட இந்த இழப்பை ஈடுசெய்வது கடினமாக இருந்தது.

மாற்றம் கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் முதலியோர் 1993இல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தை நிறுவினர். நோயாளிகள் மாத்திரைகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அவை கள்ளச் சந்தைக்குப் போகாதா என்பதுதான் அதிகாரிகளின் கேள்வி. வாதம் செய்வதை விட்டு, அந்த மருத்துவர்கள் கணக்கைக் காட்டினார்கள்: இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளில் தவறான பயன்பாடோ மருந்து திசைமாறியதோ ஒன்றுகூடக் காணப்படவில்லை என்ற ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் ஜோரான்சன் அதன் இணை ஆசிரியர். அவரது குழுவின் துணையோடு எளிய மாதிரி விதிகள் ஏற்கெனவே உருவாகி, 1998இல் ஒன்றிய அரசால் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன. கேரளம் அவற்றை விரைவில் ஏற்றது. பல மாநிலங்கள் அசையவில்லை.

அமெரிக்காவிலேயே நேர்ந்தது இந்தியாவின் தட்டுப்பாட்டுக்கு நேர்மாறு. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களைப் பற்றி 1980இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஐந்து வாக்கியக் கடிதத்தை, நெடுநாள் வலிக்கும் இவ்வகை மருந்துகள் ஆபத்தற்றவை என்பதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டினர். 1996இல் ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தபின் விளைந்த போதை அடிமைத்தனப் பேரழிவு உலகறிந்தது. அதைக் காட்டி இந்தியப் புற்றுநோயாளிக்கு மார்ஃபினை மறுப்பவர்கள், இரு நாடுகளின் நிலையும் ஒன்றல்ல என்பதைக் காண மறுக்கிறார்கள்.

2014ஆம் ஆண்டுத் திருத்தமும் அடுத்த ஆண்டு விதிகளும் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறையும் இன்றியமையாப் போதை மருந்துகளாக அறிவித்தன. பல உரிமங்களின் இடத்தில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வழங்கும் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று.

பட்டியலில் மெத்தடோன் இருப்பது கவனிக்கத்தக்கது. வலிக்கு உதவும் அம்மருந்தை ஹெராயின் அடிமைத்தனத்துக்கான சிகிச்சையாக 1965இல் முன்வைத்தவர்கள் நியூயார்க்கின் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும். இந்தியாவில் இதே நோக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் முன்பே பயன்பட்டு வந்தது, ஊசிவழி எச்.ஐ.வி. பரவலைத் தடுக்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் அதைக் கையிலெடுத்தது. போதைக்குப் பதில் போதையா என்ற ஏளனத்தை இந்தச் சிகிச்சை இன்னும் சுமக்கிறது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், போதைக்கு அடிமையானோரின் சிகிச்சையோடு நீண்டகாலப் பராமரிப்புக்கும் சட்டத்தில் இடம் தந்தது.

கேரளம் 2008இல் நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தன்னார்வலர்கள் வீடு தேடிச் செல்லும் அண்டை அயலார் வலையமைப்பு அதற்கு முன்னோடி. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இச்சேவையைச் செவிலியர் வழியாக வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. எனினும் மார்ஃபினை இருப்பு வைத்துத் தரும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. நாட்டின் தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடே நிறைவேறுவதாக லான்செட் ஆணையம் 2017இல் கணித்தது.