திராட்சைத் தோப்பும் கள்ளுக்கடையும்

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தோருட் பெரும்பாலோர் குடித்தவனைப் பற்றியே எழுதினார்கள். அவனைப் பழித்தவர் பலர். அவனுக்கு இரங்கியவர் சிலர். ஆனால், கொடிக்கும் மரத்துக்கும் உடையவன் யார், விற்ற பணம் எவன் பெட்டியிற் சேர்ந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. நமது சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டங்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் இக்கேள்வியைக் கேளாமல் மேலே செல்லுதல் இயலாது. அதற்கு விடை காண, நமக்கு எட்டாத தூரத்திலுள்ள ஒரு திராட்சை நாட்டினின்றே தொடங்குதல் நலம்.

பிரான்சு தேசத்தின் மேற்கே சாரந்து என்னும் ஆறு பாய்கின்றது. அதன் இருமருங்கும் உள்ள மெல்லிய குன்றுகளில் வெண்திராட்சை பயிராகின்றது. அங்குள்ள சிறு குடும்பத்தார் தம் கையாலேயே கொடியைக் கவ்வி நறுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை கனி பறித்து, சாறு பிழிந்து, புளிக்க வைத்து, செப்புப் பாண்டங்களில் இருமுறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து வைப்பர். கோஞ்ஞாக் என்று உலகெங்கும் பெயர் பெற்ற மது இதுவே. இரண்டு ஆண்டேனும் பீப்பாயில் உறங்கிய பின்னரே அதனை அப்பெயரால் விற்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். தகப்பன் அடைத்த பீப்பாயை மகன் திறப்பதும், பாட்டன் அடைத்ததைப் பேரன் விற்பதும் அங்கே வியப்பன்று. ஆண்டுதோறும் பீப்பாயினின்று ஆவியாய்ப் போகும் பங்கைத் தேவதூதர் பங்கு என்று அவர்கள் நகையாடுவர்.

அவ்வாழ்க்கையும் இடுக்கண் இல்லாததன்று. 1870-களில் அமெரிக்காவினின்று வந்த பில்லொக்சரா என்னும் வேர்ப்பூச்சி அந்நாட்டுக் கொடிகளைத் தின்றழித்தது. 1877-இல் ஏறத்தாழ 280,000 ஹெக்டேராக இருந்த சாரந்துத் திராட்சை நிலம், 1893-இல் 50,000 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிற்று. பல குடும்பங்கள் கெட்டன. ஆயினும் நிலம் தமதாக வைத்திருந்தவர், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பழைய கொடியை ஒட்டவைத்து மீண்டும் எழுந்தனர். உடைமை என்பது ஒருவன் விழுந்த இடத்தினின்று எழுவதற்குக் கையூன்றும் நிலம் என்பதை இதனால் அறிகின்றோம்.

இந்தத் திராட்சை நாட்டிலுள்ள பார்பெசியூ என்னும் சிற்றூரில், பூச்சி பரவிக்கொண்டிருந்த 1879-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆன்றி போக்கோனியே. அவர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் அவர் முயற்சியால் தோன்றியதே இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம். பின்னர் அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசைப் பெற்றது. அவர் பெயர் நூல்களில் நிற்கின்றது. அது தக்கதே. ஆனால், தோட்டத்தின் பெயரை உச்சரித்துப் பாருங்கள்: தென்னமரம்! அது நம்மவர் நாவிற் பிறந்த சொல்லாகவே ஒலிக்கின்றது. காட்டை வெட்டி, கன்றை நட்டு, கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உடலைக் கொடுத்த தமிழர் ஒருவர் பெயரேனும் அச்செம்பனைச் சரித்திரத்தில் வழங்கக் காணோம். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் யான், குலை எடையும் ஆள் கணக்கும் எழுதும்போதெல்லாம் இதனை நினைப்பதுண்டு.

நிற்க, மதுவும் தமிழரும் பழைய அறிமுகம் உடையவர்களே. யவனர் மரக்கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூறு சொல்லும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த ஓடுகளாய்க் கிடைத்தன. அதே தமிழில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆகவே, குடித்தலும் நமக்குப் புதிதன்று. குடியை வெறுத்தலும் நமக்குப் புதிதன்று. நமக்குப் புதிதாய் வந்தது, கூலி கொடுப்பவனே கள்ளும் விற்கும் ஏற்பாடு ஒன்றே.

கள்ளின் இயல்பைச் சிறிது நோக்குவோம். விரியாத தென்னம்பாளையைக் கயிற்றாற் கட்டி, மெல்லத் தட்டி, நுனியைக் காலையும் மாலையும் சீவினால் நீர் சொட்டும். அதனைக் கலயத்தில் ஏந்துவர். அந்நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது புளியாமல் பதநீராய் நிற்கும். அதனைக் காய்ச்சினால் வெல்லமாகும். மலாய்க்காரர் குலா மலாக்கா என்று விற்பது இவ்வகையிலான தென்னை வெல்லமே. சுண்ணாம்பு பூசாவிடின், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர் சில மணி நேரத்திற்குள் அதனைக் கள்ளாக்கிவிடும். அன்று மாலைக்குள் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சாராயம் அதில் ஏறும். மறுநாள் அது புளித்து, பின்னர்க் காடியாகும்.

இங்குதான் திராட்சை மதுவுக்கும் கள்ளுக்கும் பெரிய வேற்றுமை உளது. திராட்சை மது காத்திருக்கும், கள் காத்திராது. பீப்பாயில் அடைத்துப் பேரனுக்கு வைக்கக் கூடிய பொருள் குடும்பத்தின் ஆஸ்தியாகின்றது. அன்றே விற்று அன்றே குடிக்க வேண்டிய பொருளுக்கோ, அருகிலேயே குடிப்போர் கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தின் கையில் காசும் வேண்டும். தோட்டத்தைப் போல இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் வேறேது? லயத்தில் நூற்றுக்கணக்கானோர் குடியிருப்பர். வேறிடம் செல்ல வழியிராது. சம்பளத் தேதியும் யாவர்க்கும் ஒன்றே.

ஆகவேதான், தோட்டத்திலே கள்ளுக்கடை தோன்றிற்று. நிர்வாகமே சர்க்கார் உத்தரவு பெற்றுக் கடை நடத்திற்று. பட்டணங்களில் சர்க்கார் கடைகளும் இருந்தன. 1920-களின் இறுதியில் நம் பகுதித் தோட்டங்களில் நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு என்று வகுக்கப்பட்டது. பின்னர் ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் குறைந்தது. அக்கூலியில் ஒரு பங்கு, கொடுத்த கையிடமே மாலையில் திரும்பிற்று. இதற்கு முதலாளிமார் சொன்ன நியாயம் யாதெனில், கள் இல்லாவிடின் கூலியாட்கள் அதனினும் கொடிய சம்சுவை நாடுவர் என்பது. இதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லுதல் நேர்மையாகாது. ஆனால், பகலெல்லாம் உழைத்தவனுக்கு மாலையில் போக்கிடமாக வாசகசாலையோ, விளையாட்டு மைதானமோ, நல்ல பள்ளிக்கூடமோ இருந்தால் எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் அவர்களுட் சிலரே.

கள்ளுக்கடை ஆதாயம் தொழிலாளர் நலத்துக்கென ஒரு நிதியில் சேர்க்கப்பட்டதும் உண்டு. கோயில் திருவிழாவுக்கும், பந்தாட்டத்துக்கும், இன்னபிற காரியங்களுக்கும் அந்நிதி செலவாயிற்று. இதனைத் தரும காரியம் என்று புகழ்ந்தோர் உளர். இதன் கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போமாயின், புருஷன் குடித்த காசினால் மனைவி சோற்றுக்கு வருந்த, அக்காசின் மிச்சத்தால் அவள் கும்பிடும் சாமிக்குத் தேர் அலங்காரம் நடந்தது என்று முடிகின்றது. கொடுத்தவள் அவளே, கொடையாளி என்று பெயர் பெற்றது நிர்வாகம். சாரந்து நாட்டிலே விற்ற மதுவின் ஆதாயம், உழுத குடும்பத்தின் கூரைக்கும் பிள்ளைகள் கல்விக்கும் சென்றது. இங்கோ, மரம் ஏறியவனுக்கும் மரம் சொந்தமில்லை. குடித்தவனுக்கும் கடை சொந்தமில்லை.

இந்நிலையைத் தொழிலாளர் உணராமல் இருந்தனர் என்று எண்ணற்க. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. தோட்டத்து மக்கள் பலருடைய சொந்த ஜில்லா அது. கடல் கடந்து அச்செய்தி வந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களிற் பரவியபோது, தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளை நோக்குங்கள். கூலி உயர்வு ஒன்று; பிள்ளைகளுக்குக் கல்வி ஒன்று; பெண்களிடம் முறைகேடாய் நடப்பதை ஒழித்தல் ஒன்று; துரைமார் எதிரே சைக்கிளினின்று இறங்காமற் செல்லும் உரிமை ஒன்று; கள்ளுக்கடைகளை மூடுதல் ஒன்று. கள்ளுக்கடை மூடலும் சைக்கிள் உரிமையும் ஒரே பட்டியலில் நின்றமை தற்செயலன்று. இரண்டும் மானம் பற்றியவை. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

யுத்தத்திற்குப் பின், கெடாவில் பீடோங் பகுதியிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1946, 1947 ஆண்டுகளில் அவர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். பெண்களும் உடன் நின்றார்கள். 1947-இன் தொடக்கத்தில் போலீசாரோடு நேர்ந்த மோதலில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. கடை வாசலில் நின்று, உள்ளே போகாதே என்று தன் சொந்தத் தோழனைக் கைகூப்பி வேண்டியவன் மீது தடி விழுந்ததற்குக் காரணம் யாது? ஒரு குடிகாரன் திருந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு தோட்டமே திருந்தினால் நஷ்டம் யாருக்கு என்பதைச் சிந்திப்போர்க்கு விடை தானே விளங்கும்.

இவ்விடத்தில் எமது கிராணி வகுப்பையும் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1941-இன் கோரிக்கைகளில், கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்குக என்பதும் ஒன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்று, இங்கிலீஷ் படித்த திமிரால் தம் இனத்தாரையே இழிவாய் நடத்திய சிலரை நோக்கி எழுந்த குரல் அது. அவர்களுட் சிலர், இக்கூலிகள் குடித்தே கெடுவர் என்று கிளப்பிலிருந்து விஸ்கிக் கோப்பையும் கையுமாகச் சொன்னார்கள். கள் தொழிலாளியின் குற்றம். விஸ்கி உத்தியோகஸ்தரின் நாகரிகம்! இப்பேதம் இன்னும் முற்றும் மறையவில்லை.

காலம் மாறிற்று. தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை நிறைந்தது; நம்மவரிற் பலர் லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குச் சென்றனர். பல தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த இடம் இன்று புல் மூடிக் கிடக்கின்றது. ஆனால், கடை போன இடமெல்லாம் குடி போய்விடவில்லை. மலிவான சம்சு புட்டிகள் மளிகைக் கடை வரை வந்தன. 2018 செப்டெம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் பிற நாடுகளினின்று வந்த தொழிலாளர். நமது பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் அவர்களே என்பதை மறவாதிருப்போமாக.

இப்பொழுது இரண்டு வகைப் பேச்சு கேட்கின்றோம். கள் தமிழரின் பாரம்பரிய பானம், உல்லாசப் பிரயாணிகளுக்கு அதனைக் காட்டிப் பெருமைப்பட வேண்டும் என்பர் ஒரு சாரார். கள்ளே நம் இனத்தைக் கெடுத்தது, வேறு காரணம் தேட வேண்டாம் என்பர் மற்றொரு சாரார். முன்னவர், அடிவாங்கிய மனைவியையும் பட்டினி கிடந்த குழந்தையையும் மறக்கின்றனர். பின்னவர், உரிமச் சீட்டில் கையெழுத்திட்டவனையும் கல்லாவில் உட்கார்ந்தவனையும் மறக்கின்றனர். பாளை சீவுதல் இழிதொழில் அன்று. சாரந்து நாட்டுக் குடியானவன் கத்தியைக் காட்டிலும் நம் மரமேறியின் கத்தி திறமையிற் குறைந்ததும் அன்று. மரத்தையும் கடையையும் கணக்கையும் பிறர் வைத்துக்கொண்டு, மயக்கத்தை மட்டும் நமக்குக் கொடுத்ததே அநீதி.

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்கட்கு யாம் சொல்வது இவ்வளவே. உங்கள் வீட்டில் எண்பது வயது கடந்த பாட்டனோ பாட்டியோ இருப்பாராயின், கள்ளுக்கடை எங்கே இருந்தது, யார் நடத்தினார், சம்பள நாளன்று வீட்டுக்கு என்ன வந்தது என்று கேட்டுத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அப்புத்தகத்தின் மறுபக்கத்தில் உங்கள் வீட்டு இம்மாத வரவு செலவையும், குடிக்குப் போன காசை மறைக்காமல், எழுதுங்கள். சாரந்து நாட்டார் பேரனுக்குப் பீப்பாய் வைத்துப் போகின்றனர். நாம் பேரனுக்கு உண்மைக் கணக்கு ஒன்றையாவது வைத்துப் போவோம்.