முடிந்துபோன அறிவொளியும் முடியாத திட்டங்களும்: புதுக்கோட்டையை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அரசாணை போட்டு நிறுத்தியிருந்தால் சட்டமன்றத்தில் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும். காலக்கெடு முடிந்தது, இயக்கமும் முடிந்தது.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அந்த முறை பிற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆட்சியர் தலைமையில் பதிவுபெற்ற சங்கம் ஒன்று இருக்கும்; கற்பிப்பவர் சம்பளம் வாங்காத தொண்டர்; ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் வேலையை முடித்துவிட வேண்டும். புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி என்ற பெயரில் இதை முன்னின்று நடத்தினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் தோள் கொடுத்தனர்.

பாடத்தோடு சைக்கிளும் சேர்ந்தது இம்மாவட்டத்தின் தனித்தன்மை. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்குவாரிகள் சில, அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கிடைத்தன. ஆனால் குத்தகை ஒரு கையெழுத்தில் நிற்பது. ஆட்சியரோ மாற்றலாகிப் போகிறவர்.

சத்துணவோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பள்ளிதோறும் பணியிடங்கள் உருவாகின. அவர்களுக்குச் சங்கம் உண்டு, போராட்டம் உண்டு. தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது திட்டத்தை நிறுத்தவில்லை, எம்.ஜி.ஆர். பெயரையும் எடுக்கவில்லை, முட்டையைச் சேர்த்தது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தை 2003இல் ஜெயலலிதா நிறுத்திப் பார்த்தார். 2004 மக்களவைத் தேர்தலில் அவரது கூட்டணி தமிழ்நாட்டில் ஓரிடம்கூட வெல்லவில்லை. அதையடுத்து மின்சாரம் மீண்டும் இலவசமானது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் வைத்திருப்பவரிடம் அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அறிவொளிக்கு இப்படி உரிமை கோர ஆளில்லை. தொண்டருக்குப் பறிபோகச் சம்பளம் கிடையாது. எழுதக் கற்றவருக்கு அடுத்த மாதம் அரசிடமிருந்து வரவேண்டியது எதுவுமில்லை. திட்டம் எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவு வேகமாகத் தனக்கான ஆதரவாளர்களை இழந்தது. திட்டங்களின் ஆயுளைச் செலவை வைத்தும் கட்சியை வைத்தும் கணிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

சைக்கிளின் கதை வேறு. 2001-02இல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. 2006, 2011, 2021 ஆட்சி மாற்றங்களால் அதை அசைக்க முடியவில்லை. ஆண்டுதோறும் புதிய பிளஸ் 1 வகுப்பு வந்து நிற்கிறது. அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்குக் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வீடு கேள்வி வரும்.

வயதுவந்தோர் கல்வி திரும்ப வராமல் இல்லை. 2020-21இல் 'கற்போம் எழுதுவோம்' வந்தது. 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. கற்பிப்பவர் இன்றும் தன்னார்வலர்தான். வராதது அன்றைய திரட்சி. அன்று எழுத்தறியாதவர்கள் தெருத்தெருவாக இருந்தார்கள், கலைக்குழு போய்க் கூப்பிட்டால் கூட்டமாக வந்தார்கள். இன்று எஞ்சியிருப்போரில் பலர் வயதானவர்கள். ஊருக்குள் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துப் பெயர் எழுதும் பொறுப்பு பள்ளித் தலைமையாசிரியரின் மற்ற வேலைகளோடு வேலையாகச் சேர்ந்துவிட்டது.