லண்டன் பாலத்தின் பணிமனை

பாலங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், அவற்றை நிர்மாணித்தவர்களைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவார்களேயன்றி, கட்டி முடித்த பாலத்தை விழாமல் காத்து நின்ற பணிமனைகளைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. தேம்ஸ் நதியின் மேல் 1176-இல் பீட்டர் என்னும் பாதிரியார் தொடங்கி, அவர் காலமான பின் 1209-இல் முடிவுற்ற பழைய லண்டன் பாலம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததென்றால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு தென்கரையில், சதர்க்கின் டூலி தெருவை அடுத்திருந்த 'பிரிட்ஜ் ஹவுஸ்' என்ற வளாகத்துக்கே உரியது.

கல்லும் மரமும் சுண்ணாம்பும் படகிலேயே வந்து இறங்கவேண்டிய காலமாதலால், கிடங்குகளும் தச்சர் கொட்டகைகளும் கல்தச்சர் முற்றமும் அங்கே நதியை ஒட்டியே அமைந்தன. பாலத்தின் ஒவ்வொரு தூணைச் சுற்றிலும் எல்ம் மரக் கம்பங்களை நெருக்கமாக அறைந்து, இடையில் சுண்ணக்கல்லையும் உடைகல்லையும் கொட்டிச் சிறு தீவு போன்ற அரண் எழுப்பியிருந்தார்கள். தூணுக்குப் பாதுகாப்பான அந்த அரணே நீர்வழியைக் குறுக்கிப் பிரவாகத்தின் வேகத்தைப் பெருக்க, அந்த வேகம் அரணையே அரித்துத் தின்றதால், பழுது பார்க்கும் வேலைக்கு முடிவென்பதே இல்லாமற் போயிற்று. ஓதம் வற்றி அரண் தலைகாட்டும் சில மணி நேரத்துக்குள், கனத்த இடிகட்டையைக் கயிற்றால் இழுத்துயர்த்தி, இரும்புப் பூண் கட்டிய கம்பங்களின் தலையில் விழச்செய்து அவற்றை ஆற்றின் அடியில் இறக்கிய கூலியாட்களுக்கு, நாள் கணக்கில் அன்றி ஓதக் கணக்கில் கூலி அளந்தார்கள்.

இத்தனைக்கும் பொருள், கோயிலுக்கு எழுதி வைப்பதுபோல, கடவுளுக்கும் பாலத்துக்கும் என்று ஜனங்கள் எழுதி வைத்த சொத்துக்களிலிருந்தும், பாலத்தின் மேலிருந்த கடைகளின் வாடகையிலிருந்தும் வந்தது. 1358-இல் அக்கடைகள் 138. மூன்றாம் ஹென்றி மன்னர் அந்த வருமானத்தைத் தம் ராணி எலினோருக்குக் கொடுத்துவிட, பராமரிப்பு குன்றி, 1281-82 குளிர்காலத்துப் பனிக்கட்டி மோதி ஐந்து வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. பனியைக் காட்டிலும் அந்த அரச தானமே பாலத்தை வீழ்த்தியது என்பேன்.

வளாகமும் காலப்போக்கில் விரிந்தது. ஜான் ஸ்டோ 1598-இல் வெளியிட்ட நகர வர்ணனையில், நகரத்தின் தானியக் களஞ்சியங்களும், ஏழைகளுக்கு ரொட்டி சுடும் பத்து அடுப்புகளும் அங்கே காணப்படுகின்றன. பத்தில் ஆறு மிகப் பெரியவை.

அந்தப் பாலமும் பணிமனையும் இன்று இல்லை. ஆயினும் அதே தர்மச் சொத்து பெருகி, டவர் பாலம் உட்பட ஐந்து தேம்ஸ் பாலங்களை, வரிப்பணத்தில் ஒரு காசும் பெறாமல், இன்றளவும் பராமரித்து வருகிறது.