உடற்தகுதிக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் ஃபிட்னஸ் என்ற ஒரே சொல் போதும். ஜிம்முக்குப் போகிறவர், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் டாக்டர், பள்ளி விளையாட்டு ஆசிரியர் எல்லோரும் அதையே சொல்வார்கள். ஸ்பானிஷில் அப்படி இல்லை. அகராதியைத் திறந்தால் நான்கைந்து சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது? ஒவ்வொரு சொல்லையும் யார் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1553ல் கிறிஸ்தோபல் மெண்டெஸ் என்ற மருத்துவர் உடற்பயிற்சியின் நன்மைகள் பற்றி எழுதிய நூல் செவில் நகரில் அச்சானது. இத்தாலிய மருத்துவர் மெர்க்கூரியாலே இதே துறையில் எழுதிய புகழ்பெற்ற நூல் வந்தது 1569ல்தான். மெண்டெஸ் பயன்படுத்திய சொல் 'எஹெர்சீசியோ கொர்போரால்'. உடலுக்கான பயிற்சி என்று பொருள். யார் எந்த வேலைக்குத் தகுதி என்ற கேள்வி இந்தச் சொல்லில் இல்லை. ஆரோக்கியம்தான் இதன் நோக்கம்.

பிறகு அரசாங்கம் உள்ளே வந்தது. 1883ல் ஸ்பெயின் ஒரு சட்டம் போட்டு, ஆண்களும் பெண்களும் படித்து ஆசிரியராகும் பயிற்சிப் பள்ளி ஒன்றை மாட்ரிட்டில் உருவாக்கியது. அதன் பெயரில் இருந்த சொல் 'ஹிம்னாஸ்திகா'. 1887ல் திறந்த அந்தப் பள்ளி 1892லேயே மூடப்பட்டது.  பின்னாளில் 'உடற்கல்வி' என்று பொருள்படும் தொடரே பாடத்தின் பெயரானது.

ராணுவத்தில் கதையே வேறு. கட்டாய ராணுவ சேவைக்கு வரும் இளைஞனை டாக்டர் பரிசோதித்து 'ஊதில்' அல்லது 'இனூதில்' என்று எழுதுவார். முதலாவதற்குப் பயனுள்ளவன் என்று அர்த்தம், இரண்டாவதற்குப் பயனற்றவன்! ஒரு மனிதனை இப்படிச் சொல்வது கொடுமைதான். ஆனால் மொராக்கோவில் போர் நடந்த காலத்தில் பல ஏழைக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைக்கு அந்த 'இனூதில்' கிடைக்காதா என்று ஏங்கியிருக்கும். காரணம், 1912 வரை பணக்காரர்கள் காசு கட்டியே சேவையிலிருந்து தப்பிக்க முடிந்தது. காசில்லாதவர்களுக்கு இருந்த சில வழிகளில் டாக்டரின் அந்த ஒரு வார்த்தையும் ஒன்று. 1909ல் பார்சலோனாவில் வெடித்த கலவரத்துக்கு, மொராக்கோ போருக்கு ஏழைத் தொழிலாளர்களை அழைத்ததே உடனடிக் காரணம். கட்டாய சேவை 2001ன் இறுதியில்தான் முடிவுக்கு வந்தது.

இன்று அதிகம் காணப்படுபவை மூன்று:

'ஆப்தித்தூத் ஃபீசிகா': தகுதி என்ற பொருள் இதில் உண்டு. நம் உடற்தகுதிக்கு மிக நெருக்கமானது. மருத்துவச் சான்றிதழ், ஆள்சேர்ப்புத் தேர்வு போன்ற இடங்களுக்குப் பொருந்தும்.

'கொந்திசியோன் ஃபீசிகா': உடலின் நிலை. வேகம், வலிமை, தாங்கும் சக்தி இவற்றை அளந்து பேசும்போது வரும். பள்ளிப் பாடத்திலும் விளையாட்டுப் பயிற்சியிலும் சகஜம்.

'எஸ்தார் என் ஃபோர்மா': ஃபிட்டாக இருப்பது. சாதாரணப் பேச்சுக்கு இதுதான்.

இவை தவிர ஃபிட்னஸ் என்ற ஆங்கிலச் சொல்லையும் ஜிம்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'நன்றாக இருக்கிறாய்' என்று நினைத்து 'எஸ்தாஸ் புவெனோ' என்றோ, பெண்ணிடம் 'எஸ்தாஸ் புவெனா' என்றோ சொல்லிவிடக் கூடாது. அது உடல் கவர்ச்சியைப் பற்றிய கொச்சையான பேச்சாகிவிடும்.

ஆக, சரியான சொல் எது என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: உடல் யாருக்காக, எதற்காக அளக்கப்படுகிறது? வேலைக்கு எடுக்க என்றால் ஆப்தித்தூத். பயிற்சியாளர் அளந்து பார்க்க என்றால் கொந்திசியோன். யாரும் அளக்கவில்லை, ஒருவர் தன் திருப்திக்காக ஓடுகிறார் என்றால் எஸ்தார் என் ஃபோர்மா.