மயில்துத்தம் ஏறிய மலை

காப்பித் தோட்டங்களில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து போடுகிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. கலவை தயாரானதும், தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை டிரம்முக்குள் விட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் அந்தக் கலவை செடிக்குப் போகாது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்குவார்கள். கத்தி நிறம் மாறாமல் வந்தால்தான் மருந்தடிப்பு தொடங்கும். கரைந்து திரியும் செம்பு இரும்பைக் கண்டதும் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கலவையின் குறையைக் கண்டுபிடிக்கக் கத்தி, தீர்க்கச் சுண்ணாம்பு.

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்னின் பெயரும் கிரேஞ்ச் எஸ்டேட்டின் பெயரும் அந்தக் கதையில் சேர்ந்தே வரும். மயில்துத்தத்துக்கு அப்போது அங்கே வேலை இல்லை. 1869-ல் இலங்கைத் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி காணப்பட்டது. இலைத் துரு நோய். சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் பரவிவிட்டது. 1880-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர், ஈரமான இலையில் முளைக்கும் பூஞ்சை இலைத்துளை வழியாக உள்ளே போய்விடுகிறது என்று காட்டினார். போன பிறகு மருந்தடித்துப் பயனில்லை. முன்னதாகவே இலையைப் போர்த்த வேண்டும். எதனால் போர்த்துவது? கைக்கு வாகான மருந்து ஒன்றும் அப்போது இல்லை. இலங்கை தேயிலைக்கு மாறியது.

விடை பிரான்சில் இருந்தது. போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். மற்ற கொடிகள் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்க்க, இவை மட்டும் பச்சையாக நின்றதைக் கவனித்தவர் பேராசிரியர் மில்லார்டே. அவர் 1885-ல் வெளியிட்ட முறைதான் போர்டோ கலவை. இந்தியாவில் 1925-ல் தொடங்கிய பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தின் காலத்தில், மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று 0.5 சதவீதக் கலவை அடிப்பது தோட்டங்களின் நடைமுறையாக வேரூன்றியது.

கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 125 கிராம், செம்பு. பூச்சிமருந்துகள் பலவும் காலப்போக்கில் சிதைந்துபோகும். செம்பு ஒரு தனிமம், அது சிதையாது. மழையில் இலையிலிருந்து இறங்கி, மட்கிய சருகில் பிடிபட்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. இன்று அங்கே ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

இந்தச் செம்பு தண்ணீருக்குள் கரைந்தால் என்ன செய்யும் என்பதைக் கடல்மீன் தொட்டி வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வெண்புள்ளி நோய்க்கு அவர்கள் பயன்படுத்துவதும் செம்புதான். 100 லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவு. மீன் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே தொட்டியில் பவளமும் நத்தையும் இறாலும் இருந்தால் தாங்காது. மருந்தே போடாத தொட்டியிலும் பித்தளைப் பொருத்திலிருந்தோ, துருவேறிய பம்ப் காந்தத்திலிருந்தோ உலோகம் இறங்குவதுண்டு. மீன் சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கும்போதே நத்தை கண்ணாடியில் பிடிப்பு விட்டு விழும், மென்பவளம் விரியாது. நீரைச் சோதித்து, கசியும் பொருளை எடுத்து, தண்ணீரை மாற்றி, கரியும் செம்பைப் பிடிக்கும் பிசினும் போடுவார்கள். அப்படியும் சில தொட்டிகளில் அளவு மறுபடி ஏறும். காரணம், தொட்டியிலுள்ள சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்திருந்து, மெல்ல மெல்ல விடும். டிரம்மில் செம்பை அடக்கிய சுண்ணாம்பின் இனம்தான் இதுவும். தொட்டியில் கடைசியில் கல்லையே மாற்றும்படி ஆகிவிடுகிறது.

மலையில் அப்படி மாற்ற முடியாது. சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காடு ஏரி நிரம்பினால் வழியும் நீர் கிளியூர் அருவியாக 300 அடி விழுந்து பள்ளத்தாக்குக்குப் போகிறது. மலை நீர் மென்னீர். சுண்ணாம்புச் சத்து குறைந்த அத்தகைய நீரில் செம்பின் கடுமை மேலும் கூடும். அதனால் டிரம்மையும் ஸ்பிரேயரையும் கழுவும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல், சருகு மூடிய மண்ணிலேயே ஊற்றப்பட வேண்டும். சில்வர் ஓக் நிழலும் சருகுப் படுக்கையும் கலையாமல் இருந்தால் செம்பு அங்கேயே நிற்கும். மரத்தை வெட்டி மண் அரிக்க விட்டால் மண்ணோடு சேர்ந்து அதுவும் கீழே போகும்.

செம்பின் தேவையையே குறைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. 1911-ல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் துருவைத் தாங்கிய ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கென்ட் வகை, எஸ்.795 என்ற காப்பி வகைக்கு ஒரு பெற்றோர். பிறகு சந்திரகிரி போன்ற வகைகள் வந்தன. எதிர்ப்புள்ள செடி நிற்கும் இடத்தில் மருந்தடிப்பு குறைகிறது. பூஞ்சையும் புதிய வடிவங்களோடு வருவதால் தேர்வு வேலை நிற்பதில்லை.